இருபத்தேழாவது பெயர்

சனிக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு ஜெப அறைக்குள் காலெடுத்து வைத்தபோதே ஜான்சி முடிவு செய்துவிட்டாள். இன்றைக்கு ஒரு மணி நேரம், அதோடு சரி. நாலு மணிக்கு நோட்டை அடுத்த ஆளிடம் கொடுத்துவிட்டு, கர்த்தருக்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டு நடையைக் கட்ட வேண்டியதுதான்.

நாலு மணிக்குள் அந்த அறை வாசலில் நாலு பேருடைய ரத்தம் ஒன்றாகக் கலந்து கிடக்கப் போகிறது என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

"அண்ணாச்சி, இன்னைக்கோட நான் நிறுத்திக்கிடுதேன்."

எதிரில் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்த சுந்தரமூர்த்தி மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "இன்னாத்த நிறுத்துற? மூச்சையா?"

"சங்கிலியைத்தான். என் மணிக்கு வேற ஆளைப் போட்டுக்கிடுங்க."

பூனாவின் ஆகுர்டி தமிழ்ச் சபையில் சங்கிலி ஜெபம் என்றால் ஒரு கட்டுப்பாடு உண்டு. சனிக்கிழமை காலை ஏழிலிருந்து சாயங்காலம் ஏழு வரை பன்னிரண்டு பேர், ஆளுக்கு ஒரு மணி நேரம். கோயிலுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட இந்தச் சின்ன அறையில் உட்கார்ந்து, நோட்டில் இருக்கும் பெயர்களை ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்து வேண்டிக்கொள்ள வேண்டும். அடுத்த ஆள் வந்து கையைப் பிடித்தால்தான் இந்த ஆள் எழுந்திருக்கலாம். ஆறு வருஷமாகச் சங்கிலி அறுந்ததில்லை.

சுந்தரமூர்த்திக்கு ரெண்டிலிருந்து மூன்று. வெடிமருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், பூர்வீகம் ஆற்காடு. நாற்பது வயசில் ஞானஸ்நானம் எடுத்தவர், பெயரை மட்டும் மாற்றிக்கொள்ளவில்லை. 'என்னைப் பேர் சொல்லிக் கூப்ட்டவருக்கு என் பேர் தெரியாதா?' என்று கேட்பார்.

"ஏம்மா?" என்றார் இப்போது.

"உள்ள ஒண்ணுமே இல்ல அண்ணாச்சி. பதினாலு மாசமா இப்படித்தான். வாய் அது பாட்டுக்கு ஓடுது. தண்ணி நின்ன அன்னைக்குக் குழாயைத் திறந்தா புஸ்ஸுன்னு காத்து வருமே, அந்த மாதிரி. யாரை ஏமாத்த நான் இங்க உக்காந்திருக்கணும்?"

"எனக்கு மட்டும் இங்க இன்னா அருவியா கொட்டுது? பாதி நாள் முட்டி வலி. மீதி நாள் தூங்கிடறேன்."

"உங்க வீட்டுல யாரையும் வெட்டலையே."

 அவர் அவள் கையைப் பிடித்து அழுத்தினார். "சரி. நாலு மணி ஆள் வந்ததும் சொல்லிட்டுப் போ. நடுவுல எழுந்து போயிடாத, அவ்ளோதான்."

அவருக்கு பஸ் நாலேகாலுக்கு. வெளியே குல்மோஹர் மரத்தடி பெஞ்சில் துண்டை விரித்துப் படுத்துவிட்டார். மே மாத வெயில் தகரத்தில் இறங்கி அறை அடுப்பாகக் கொதித்தது. ஜான்சி காற்றுக்காக இரும்புக் கதவைப் பாதி திறந்து வைத்துவிட்டு நோட்டைப் பிரித்தாள்.

போன வருஷம் மார்ச் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பது மணி. ஆராதனைக்குக் கிளம்பிய அவள் புருஷன் நிர்மல் முனைக்கடையில் பாக்கெட் பால் வாங்கப் போனான். இரண்டு பைக்கில் நாலு பேர் கோய்தாவைச் சுழற்றிக்கொண்டு வந்தார்கள். கோய்தா என்றால் கரும்பு வெட்டும் வளைந்த அரிவாள். பூனாவில் அதைக் கையில் வைத்திருக்கிறவன்தான் அந்தத் தெருவுக்கு ராஜா. ஏரியாவுக்குப் பயம் காட்ட வேண்டும், அவ்வளவுதான் அவர்கள் நோக்கம். "ஏய், பாத்துப் போங்கடா" என்று நிர்மல் தமிழில் சொன்னான். முதல் வெட்டு தடுக்கப் போன கையில். இரண்டாவது கழுத்தில். சுற்றி நின்றவர்கள் போனில் படம் பிடித்தார்கள். அந்தப் படத்தை ஜான்சி பதினோரு முறை பார்த்திருக்கிறாள்.

மூன்று பேர் பிடிபட்டார்கள். நாலாவது ஆள் ஹெல்மெட் போட்டிருந்தான். யாரென்று தெரியவில்லை, அந்த மூன்று பேரும் சொல்லவில்லை. இரண்டாவது வெட்டு அவனுடையது.

அன்றிலிருந்துதான் இந்த வறட்சி. வால்வு செய்யும் பட்டறையில் அவளுக்குச் சோதனை வேலை. ஒவ்வொரு வால்வையும் அளவுகோலில் வைத்துப் பார்த்து, தேறாததைச் சிவப்புக் கூடையில் எறிய வேண்டும். அங்கே கை ஓடுவது போலத்தான் இங்கே வாய் ஓடியது.

நோட்டில் வெறும் பெயர்கள்தான் இருக்கும், காரணம் இருக்காது. முன்பு காரணமும் எழுதினார்கள். யாருடைய மகளுக்கோ வலிப்பு என்று எழுதப் போக, அது நோட்டிலிருந்து நாலு வீடு தாண்டி மாப்பிள்ளை வீட்டுக்குப் போய்க் கல்யாணம் நின்றுவிட்டது. அன்றைக்குப் போதகர் போட்ட சட்டம்: பெயர் மட்டும் போதும், காரணம் கர்த்தருக்குத் தெரியும். கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு பெட்டி இருக்கும். எந்த மதத்துக்காரர் வேண்டுமானாலும் சீட்டு எழுதிப் போடலாம்.

ஜான்சி ஒவ்வொரு பெயராகத் தள்ளிக்கொண்டு போனாள். இருபத்தேழாவது பெயரில் கொஞ்சம் நின்றாள்.

"ஷ்ரேயஸுக்காக."

ஒன்பது மாதமாக அந்தப் பெயர் நோட்டில் இருக்கிறது. கோணல்மாணலான தமிழ் எழுத்தில் வந்த சீட்டு. ஏனோ அவள் அதை ஒரு குழந்தை என்றே தீர்மானித்துவிட்டாள். ஐந்து வயசு, இருதயத்தில் ஓட்டை, நீலப் பை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போகிற பையன். முப்பத்தொன்பது சனிக்கிழமையாக அவனுக்காகப் படித்திருக்கிறாள். இந்த நோட்டிலேயே அவளுக்குக் கொஞ்சமாவது பிடித்திருந்தது அந்த இல்லாத பையனைத்தான்.

மணி மூன்று இருபது.

வெளியே பைக் சரிந்து விழும் சத்தம். யாரோ அலறினார்கள். செருப்பில்லாத கால்கள் தடதடவென்று ஓடிவந்தன. கதவை இடித்துக்கொண்டு ஒருவன் உள்ளே வந்து குப்புற விழுந்தான். இருபத்திரண்டு வயசிருக்கும். வலது தோளில் சட்டை பிய்ந்து தொங்கியது, அதோடு சதையும் தொங்கியது. இடது கையில் ரத்தம் வழியும் கோய்தா.

"பந்த் பண்ணுங்க ஆன்ட்டி! கதவு... கதவு பந்த் பண்ணுங்க!"

அவள் நகர்வதற்குள் அவனே உருண்டு போய்க் கதவைக் காலால் உதைத்துச் சாத்தினான். ஜான்சி பாய்ந்து கொண்டியைப் போட்டாள். அடுத்த நொடி 'டங்' என்று வெளியிலிருந்து கதவில் இரும்பு இறங்கியது. தகரக் கூரை அதிர்ந்தது.

"தர்வாஜா உகட்!" என்று கதவைத் திறக்கச் சொல்லி மூன்று தொண்டைகள் ஒன்றாகக் கத்தின.

ஜான்சி போனை எடுத்தாள். நூற்றுப் பன்னிரண்டை அழுத்தி, போலீசுக்கு இடத்தைச் சொல்லி, "கோய்தா வச்சிருக்காங்க, சீக்கிரம்" என்று இந்தியில் கத்தினாள். துப்பட்டாவை உருவி அவன் தோளைச் சுற்றி இறுக்கினாள். துணி உடனே சிவந்தது. அவன் கோய்தாவை மூலையில் வீசிவிட்டுச் சுவரில் சாய்ந்தான். டங், டங் என்று கதவு அடி வாங்கிக்கொண்டே இருந்தது.

"தமிழாப்பா நீ?"

"அம்மா தமிழ். நானும்... தோடா தோடா, கொஞ்சம்." அவன் பார்வை மேஜை மேலிருந்த நோட்டில் போய் நின்றது. "பேர் படிக்கிற ரூம் இதுதானா ஆன்ட்டி?"

"உனக்கு எப்படித் தெரியும்?"

"வெளிய டப்பா இருக்குல்ல. அம்மா என் பேர் எழுதிப் போட்டாங்க. நாங்க கிறிஸ்டியன் இல்ல. ஆனா அம்மா எல்லா இடத்துலயும் போடுவாங்க. சனிக்கிழமை உன் பேரைப் படிக்கிறாங்கடா, உனக்கு ஒண்ணும் ஆகாதுன்னாங்க. ஓடும்போது... இந்த கேட்தான் ஞாபகம் வந்துச்சு."

"உன் பேரென்ன?"

"ஷ்ரேயஸ்."

ஜான்சி அவனை மேலும் கீழும் பார்த்தாள். ஆறடி உயரம், மீசை, காதில் கடுக்கன். இருதயத்தில் ஓட்டை போட்டு, நீலப் பை மாட்டி அவள் வளர்த்த பிள்ளை இவன்தான். அந்தக் கலவரத்திலும் அவளுக்குச் சிரிப்பு எட்டிப் பார்த்தது. பதினாலு மாதமாகச் சுவரோடு பேசிக்கொண்டிருந்தாளே, ஒரு பெயராவது காலும் கையுமாக ஓடிவந்து விழுந்திருக்கிறதே!

அந்தச் சிரிப்புக்கு ஆயுசு பத்து விநாடிதான்.

"மாவ்ஷி!"

கம்பி ஜன்னலில் ஒரு முகம் தெரிந்தது. ஒல்லியான ஆள், கழுத்தில் தடித்த சங்கிலி. கத்தவில்லை, சொந்தச் சித்தியைக் கூப்பிடுவது போல மெதுவாகத்தான் பேசினான், இந்தியில்.

"மாவ்ஷி, நீ நிர்மல் பெண்டாட்டிதானே? ஒவ்வொரு தேதிக்கும் கோர்ட்டுல உன்னைப் பாக்கறேன். நாலாவது ஆள் எங்கேன்னு போலீஸ் தேடுது, நீயும் தேடறே. இதோ உன் காலடியில கெடக்கறான். ரெண்டாவது வெட்டு இவன் போட்டது. நம்பிக்கை இல்லேன்னா கேளு. அவனையே கேளு."

ஷ்ரேயஸிடமிருந்து ஜான்சி ஒரு எட்டு விலகினாள்.

"நீ ஒண்ணும் செய்ய வேணாம் மாவ்ஷி. கொண்டியை மட்டும் எடு. முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கோ. ரெண்டே நிமிஷம். உன் ஆசையை நாங்க தீத்து வைக்கறோம்."

அவள் திரும்பினாள். "அவன் சொல்லுதது நிசமா?"

ஷ்ரேயஸ் பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "ஆமா ஆன்ட்டி" என்றான்.

மூலையில் கிடந்த கோய்தா அவள் கைக்கு எப்படி வந்தது என்று பிற்பாடு எத்தனை யோசித்தும் அவளுக்கு ஞாபகம் வரவில்லை. பிடியில் பிசுபிசுவென்று ரத்தம். முதலில் அந்தப் பிடியாலேயே அவன் வாயில் ஓங்கி இடித்தாள். பல் உடைந்து தரையில் தெறித்தது. மறுபடி இடித்தாள். மூக்கு நொறுங்கும் சத்தம் அவள் முழங்கை வரை ஏறியது.

"பால் வாங்கப் போன மனுசன்டா! பால் பாக்கெட்டை விடாம பிடிச்சிக்கிட்டே செத்தாருடா! கையைத் தூக்காத. கழுத்தைக் காட்டு!"

அவன் கையைக் கீழே இறக்கினான். கண்ணை மூடிக்கொண்டு கழுத்தை நீட்டினான். ஜன்னலில் அந்த ஒல்லி ஆள் தியேட்டரில் உட்கார்ந்த மாதிரி பார்த்துக்கொண்டிருந்தான்.

ஜான்சி கோய்தாவைத் தலைக்கு மேல் தூக்கினாள். "இப்பமாச்சும் பேசும்!" என்று கூரையைப் பார்த்துக் கத்தினாள். "பதினாலு மாசமா வாயைத் திறக்கலையே! வெட்டுன்னாவது சொல்லும். வேண்டாம்னாவது சொல்லும். ஏதாவது ஒண்ணைச் சொல்லித் தொலையும்!"

ஒன்றும் கேட்கவில்லை. மேலே மின்விசிறி கரகரவென்று சுற்றியது. வானம் இடியவில்லை, உள்ளத்தில் ஒரு அசைவுகூட இல்லை. எப்போதும் போலக் காற்றுதான் வந்தது.

ஆனால் அவள் வாய் திறந்தது.

"ஷ்ரேயஸுக்காக" என்றது.

அவள் சொல்லவில்லை. சத்தியமாகச் சொல்லவில்லை. முப்பத்தொன்பது சனிக்கிழமையாக இதயமே இல்லாமல் ஓடிப் பழகிய வாய், அவள் உத்தரவைக் கேட்காமல் ஓடிவிட்டது. அந்தப் பெயரைச் சொன்ன அதே மூச்சில் அந்தக் கழுத்தை வெட்ட அவளுக்குக் கை வரவில்லை. எவ்வளவு முயற்சி செய்தும் வரவில்லை. நோட்டில் இருக்கிற பிள்ளையை எப்படி வெட்டுவது?

வெறி தாங்காமல் மேஜையை வெட்டினாள். ஒன்று, இரண்டு, மூன்று. பலகை பிளந்தது, நோட்டு பறந்தது, கோய்தா மரத்தில் சிக்கி நின்றது. அதை அங்கேயே விட்டுவிட்டு மூச்சிரைக்க நின்றாள்.

"மன்னிச்சிட்டேன்னு நெனைச்சிக்கிடாத" என்றாள். "உன்னைப் பாத்தா இப்பவும் வயிறு எரியுது. எதுக்குடா இந்தப் பக்கம் வந்த?"

உடைந்த வாயோடு அவன் பேசினான். "போலீஸ் சௌக்கிக்குப் போனேன் ஆன்ட்டி. நாலாவது நான்தான்னு சொல்ல. தூக்கமே இல்ல. ஹெல்மெட் போட்டா அந்த அங்கிள் சத்தம் உள்ள கேக்குது. எங்க நாலு பேரையும் அனுப்பினது அவன்தான், ஜன்னல்ல நிக்கிறானே, விக்யா. கேஸ்ல அவன் பேரே இல்ல. நான் வாயத் திறந்தா அவன் உள்ள போவான். வழியிலயே மடக்கிட்டான். அவனுங்க கோய்தா ஒண்ணைப் பிடுங்கிட்டு ஓடி வந்தேன்."

ஜான்சிக்கு எல்லாம் விளங்கியது. அவள் ஆசையைத் தீர்த்து வைக்க வந்தானாம்! தன் தோலைக் காப்பாற்றிக்கொள்ள அவள் கையால் கொண்டியை எடுக்கச் சொல்கிறான். நிர்மலை வெட்டிய ஆட்களை அனுப்பியவன், அவன் பெண்டாட்டியையே அடுத்த வெட்டுக்கு வாசல் திறக்கச் சொல்கிறான்.

ஜன்னலுக்குப் போனாள். "போடா நாயே" என்று தமிழிலேயே சொன்னாள். விக்யாவுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

முகம் மறைந்தது. அரை நிமிஷம் சத்தமே இல்லை. பிறகு மரத்தடியிலிருந்து ஒரு கிழட்டுக் கூச்சல் கேட்டது. மறுபடி ஜன்னலில் விக்யா வந்தபோது, அவன் கைப்பிடியில் சுந்தரமூர்த்தியின் கழுத்து இருந்தது. காதோரம் கோய்தா. காதின் கீழ்ப்பாதி ஏற்கெனவே இல்லை. வெள்ளைச் சட்டை தோள்வரை நனைந்திருந்தது.

"பத்து எண்ணுவேன் மாவ்ஷி."

"தொறக்காதம்மா!" என்று கத்தினார் சுந்தரமூர்த்தி. "எனக்கு அறுவத்தாறு ஆகுது, இனிமே இன்னா இருக்கு! டேய், நல்லாப் பிடிடா, கூசுது!"

"ஏக்... தோன்... தீன்..."

ஜான்சி கொண்டியில் கையை வைத்தாள். போலீஸ் எங்கே? கொண்டியை எடுத்தால் இவன் போவான். எடுக்காவிட்டால் அவர் போவார். பதில் சொல்ல வேண்டியவர் வழக்கம்போல ஊமையாக இருந்தார்.

விக்யா ஆறு என்றபோது ஷ்ரேயஸ் சுவரைப் பிடித்து எழுந்துவிட்டான். "ஆன்ட்டி, அந்தப் பக்கம் தள்ளுங்க" என்றான். "ஒரு அங்கிள் செத்தது போதும்."

அவள் தடுப்பதற்குள் கொண்டியைத் தட்டிக் கதவைத் திறந்துகொண்டு, இரண்டு கையையும் விரித்தபடி வெளியே போனான்.

வாசலில் நின்ற இரண்டு பேரும் அவன் மேல் பாய்ந்தார்கள். முதல் வெட்டு தொடையில். அவன் மண்டியிட்டான். இரண்டாவது வெட்டைத் தடுக்கக் கையை உயர்த்தினான், உள்ளங்கை பிளந்தது. விக்யா கிழவரை உதறிவிட்டு ஓடிவந்து, கழுத்துக்குக் குறி பார்த்துக் கோய்தாவை ஓங்கினான்.

அந்தப் படத்தை ஜான்சி பதினோரு முறை பார்த்தவள். பன்னிரண்டாவது முறை பார்க்க அவள் தயாராக இல்லை.

கைக்கு அகப்பட்டது இரும்பு மடக்கு நாற்காலி. இரண்டு கையாலும் பிடித்து, முழு உடம்பையும் சுழற்றி, விக்யாவின் முகத்தில் அடித்தாள். தாடை கழன்று ஒரு பக்கமாகப் போனது. அவன் தடுமாறியபடியே கோய்தாவை வீசினான். அவள் இடது முன்கையில் ஏதோ சூடாக ஓடியது. எலும்பு வெள்ளையாகத் தெரிந்தது. வலி அப்புறமாக வரட்டும் என்று மறுபடி ஓங்கினாள். முட்டியில் ஒரு அடி, மணிக்கட்டில் ஒரு அடி. கோய்தா தெறித்து விழுந்தது. கோய்தாவோடு முன்னேறிய இரண்டாமவனின் காலைச் சுந்தரமூர்த்தி தரையில் கிடந்தபடியே கட்டிக்கொண்டு கெண்டைக்காலில் பல்லைப் பதித்தார். அவன் ஊளையிட்டான். மூன்றாமவன் ஜான்சியின் முகத்தைப் பார்த்தான். என்ன பார்த்தானோ, கோய்தாவைப் போட்டுவிட்டுச் சுவரேறிக் குதித்துவிட்டான்.

விக்யா மல்லாந்து கிடந்தான். ஜான்சி அவன் தலைக்கு நேராக நாற்காலியை உயர்த்தினாள்.

"போதும்மா, நிறுத்து!" என்று மராத்தியில் கத்திக்கொண்டே பைக்கில் வந்த இரண்டு போலீஸ்காரர்கள் கேட்டுக்குள் நுழைந்தார்கள்.

அவள் அவர்களைப் பார்த்தாள். விக்யாவைப் பார்த்தாள். நாற்காலியை விரித்து அவன் நெஞ்சுக்கு இரண்டு பக்கமும் கால்கள் படும்படி வைத்து, அதன் மேல் உட்கார்ந்துவிட்டாள். அதற்குப் பிறகுதான் மயங்கினாள்.

சாயங்காலம் ஆறு மணிக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் கையில் இருபத்திரண்டு தையலோடு அவள் உட்கார்ந்திருந்தாள். காதில் பெரிய கட்டோடு பக்கத்துக் கட்டிலில் சுந்தரமூர்த்தி. ஷ்ரேயஸை உள்ளே கொண்டுபோய் இரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. ரத்தம் நிறையப் போய்விட்டது, இப்போதைக்கு எதுவும் சொல்ல முடியாது என்றார் டாக்டர். அறுவை அறை வாசலில் ஒரு கான்ஸ்டபிள் நின்றான். வாக்குமூலம் இன்னும் வாங்கவில்லை.

"நாலு மணிக்குச் சங்கிலி அறுந்துபோச்சா அண்ணாச்சி?"

"யார் சொன்னது? ஆம்புலன்ஸ்ல நான் மனப்பாடமா படிச்சிக்கினே வந்தேன். இருபத்தேழு வரைக்கும் வந்தேன். அப்புறம் ஊசியப் போட்டுத் தூங்க வச்சிட்டானுங்க."

அப்போது வராந்தாவின் கோடியிலிருந்து ஒரு பெண்மணி ஓட்டமும் நடையுமாக வந்தாள். ஐம்பது வயசிருக்கும், தலை கலைந்திருந்தது, காலில் வேறு வேறு ஜோடிச் செருப்பு. கான்ஸ்டபிளிடம் ஜான்சி யாரென்று கேட்டுவிட்டு நேராக ஜான்சியின் முன்னால் வந்து தரையில் உட்கார்ந்தாள்.

"நான் ஸ்ரீலக்ஷ்மி. ஷ்ரேயஸோட அம்மா."  காலைத் தொட வந்த கையை ஜான்சி தட்டிவிட்டாள்.

"காலைத் தொடாதிய. ஒண்ணு கேக்கேன், அதுக்குப் பதில் சொல்லுங்க. அந்தப் பெட்டியில பேரைப் போட்டீங்களே, என்ன வேண்டிக்கிட்டுப் போட்டீங்க?"

 "பொய் சொல்ல மாட்டேங்க" என்றாள் ஸ்ரீலக்ஷ்மி. "அன்னைக்கு அவன் சட்டையைத் துவைச்சப்பவே எனக்குத் தெரியும். அவன் மாட்டக் கூடாதுன்னுதான் போட்டேன். எந்த வீட்டுக்காரரு, யாரோட புருஷன், எதையும் நான் நெனைக்கல. என் புள்ள மாட்டக் கூடாது. அவ்வளவுதான்."

சுந்தரமூர்த்தி கட்டிலில் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

ஜான்சிக்கு முதலில் ஆத்திரம்தான் வந்தது. இவள் மகன் மாட்டாமல் இருக்க, வெட்டுப்பட்டவன் பெண்டாட்டியே வாராவாரம் உட்கார்ந்து வேண்டியிருக்கிறாள்! இவள் கேட்டது ஒன்று. எதைக் கேட்கிறோம் என்று தெரியாமலே, கேட்க மனசும் இல்லாமலே அவள் படித்தது ஒன்று. நடந்ததோ இரண்டும் இல்லை. ஒளிந்திருந்தவன் தானே எழுந்து, நான்தான் என்று சொல்லக் கிளம்பிவிட்டான். இரண்டு பேர் வாய்க்கும் எட்டாத ஏதோ ஒன்று, அந்த முப்பத்தொன்பது சனிக்கிழமையும் வேலை பார்த்திருக்கிறது. அவளிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை, ஆனால் சும்மாவும் இருக்கவில்லை.

ஜான்சி சிரித்தாள். கை வலித்தது, சிரிப்பு நிற்கவில்லை. அது எங்கே அழுகையாக மாறியது என்று பக்கத்தில் இருந்தவர்களுக்கும் தெரியவில்லை. புருஷனைப் புதைத்த அன்றுகூட வராத தண்ணீர் மூக்கிலும் வாயிலும் வழிந்தது. ஸ்ரீலக்ஷ்மி பயந்துபோய்த் தன் முந்தானையை நீட்டினாள். ஜான்சி அதை வாங்கி முகத்தைத் துடைத்தாள்.

உள்ளேயிருந்து ஒரு நர்ஸ் ஓடிவந்து இன்னும் இரண்டு பாட்டில் ரத்தம் வேண்டும் என்று கத்திவிட்டு ஓடினாள். கான்ஸ்டபிள் போனை எடுத்தான். ஸ்ரீலக்ஷ்மி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஜான்சி கண்ணை மூடவில்லை. அறுவை அறையின் கதவையே முறைத்துப் பார்த்தபடி, எல்லாருக்கும் கேட்கும்படி பேசினாள்.

"ஆண்டவரே, இவன் சாகக் கூடாது. கேக்குதா? எனக்கு இவனைப் பிடிச்சதுனால சொல்லலை, இன்னும் பிடிக்கலை. இவன் பிழைக்கணும். நடந்து போய்க் கூண்டுல ஏறணும். என் முகத்தைப் பாத்து, நான்தான் வெட்டுனேன்னு சொல்லணும். விக்யா பேரைச் சொல்லணும். அப்புறம் செயிலுக்குப் போவட்டும், நான் அங்கேயும் இவன் பேரைப் படிக்கேன். ஆனா இன்னைக்கு இவனை எடுத்துக்கிடாதேயும். எனக்கு வேணும்."

சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கே உறைத்தது. பதினாலு மாதத்தில் முதல் தடவையாக அவளுக்கு ஒன்று வேண்டியிருந்தது.

"அக்கா, நானும் சொல்லலாமா?" என்றாள் ஸ்ரீலக்ஷ்மி. "எனக்கு உங்க மாதிரி சொல்லத் தெரியாது."

"எனக்கும்தான் தெரியாது" என்றாள் ஜான்சி. "பக்கத்துல வந்து உக்காருங்க. ஆனா இந்தத் தடவை நிசத்தைக் கேளுங்க."